மின்வெட்டில் நேரத்தை மறக்கும் ஆர்டிசி: பேட்டரியை மாற்றும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மைக்ரோகன்ட்ரோலருடன் இணைத்த ஆர்டிசி (மின்சாரம் இல்லாதபோதும் பேட்டரியில் ஓடி நேரத்தைக் காக்கும் கடிகாரச் சிப்), மின்சாரம் போய் வந்ததும் நேரத்தைத் தொலைத்துவிட்டால், உடனே புதிய சிஆர்2032 பேட்டரியை வாங்கி மாட்டுவதே பலரின் வழக்கம். முதல் தவறு அதுதான். டிஎஸ்1307 என்ற ஆர்டிசி சிப் பேட்டரியில் ஓடும்போது எடுப்பது அரை மைக்ரோஆம்பியருக்கும் குறைவு. சுமார் 220 மில்லிஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள பேட்டரி சில மாதங்களில் தீர்ந்துவிட்டால், மின்னோட்டம் வேறு எங்கோ கசிகிறது என்று பொருள்.

பேட்டரியைத் தொடுவதற்கு முன் நிரலைப் பாருங்கள். நிரலைக் கம்பைல் செய்த (இயந்திர மொழிக்கு மாற்றிய) நேரத்தைக் கடிகாரத்தில் எழுதும் வரி, தொடக்கத்தில் ஒருமுறை ஓடும் 'செட்அப்' பகுதியில் நிபந்தனையின்றி இருந்தால், ஒவ்வொரு முறை மின்சாரம் திரும்பும்போதும் கடிகாரம் அதே பழைய நேரத்திலிருந்தே தொடங்கும். இதில் பேட்டரிக்கு ஒரு பங்கும் இல்லை. ஆஸிலேட்டர் (கடிகாரத்தை ஓட்டும் துடிப்புச் சுற்று) நின்றிருந்ததைக் காட்டும் பிட் 1 ஆக இருந்தால் மட்டுமே நேரத்தை எழுத வேண்டும். டிஎஸ்3231 என்ற இன்னொரு ஆர்டிசி சிப்பில் அது ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரின் (சிப்புக்குள் இருக்கும் சிறு நினைவிடம்) மேல்பிட், டிஎஸ்1307-இல் விநாடி ரெஜிஸ்டரின் மேல்பிட். டிஎஸ்3231-இன் கன்ட்ரோல் ரெஜிஸ்டரிலும் மேல்பிட்டைக் கவனிக்க வேண்டும்: அது தவறுதலாக 1 ஆகிவிட்டால், மின்சாரம் இருக்கும்வரை ஒழுங்காக ஓடும் கடிகாரம் பேட்டரிக்கு மாறியதும் நின்றுவிடும். பார்ப்பவருக்கு அது செத்த பேட்டரி போலவே தெரியும்.

அடுத்தது மாட்யூலில் இருக்கும் சார்ஜிங் சுற்று. மலிவாகக் கிடைக்கும் டிஎஸ்3231 மாட்யூல்கள் பலவற்றில் 200 ஓம் ரெசிஸ்டரும் ஒரு டயோடும் 5 வோல்ட்டிலிருந்து பேட்டரிக்கு மின்னோட்டம் செலுத்துகின்றன. ரீசார்ஜ் செய்யக் கூடாத சிஆர்2032-ஐ அதில் மாட்டினால் அது வீங்கலாம், கசியலாம். அந்த ரெசிஸ்டரைச் சாலிடரிங் அயனால் எடுத்துவிடுவதே தீர்வு. ரீசார்ஜ் செய்யத்தக்க எல்ஐஆர்2032 மாட்டினாலும் நிம்மதி இல்லை, ஏனெனில் டயோடில் 0.6 வோல்ட் போனாலும் மிஞ்சும் 4.4 வோல்ட், அந்தப் பேட்டரியின் எல்லையான 4.2 வோல்ட்டைத் தாண்டுகிறது.

டிஎஸ்1307-இல் இதே பேட்டரி வேறு விதமாக வம்பு செய்யும். முதன்மை மின்னழுத்தம் பேட்டரி மின்னழுத்தத்தின் 1.25 மடங்குக்குக் கீழே இறங்கினால், மின்சாரம் போகிறது என்று கருதி அந்தச் சிப் மைக்ரோகன்ட்ரோலருடனான தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும். 3 வோல்ட் பேட்டரிக்கு அந்த வரம்பு 3.75 வோல்ட், 4.2 வோல்ட்டுக்கோ 5.25 வோல்ட். ஆக, சீரான 5 வோல்ட் இருந்தும் சிப் பதில் தராது. இந்தக் கணக்கைப் போடாமல் ஒயர்களையும் புல்-அப் ரெசிஸ்டர்களையும் மாற்றி மாற்றிப் பார்த்து நான் ஒரு மாலைப் பொழுதை வீணடித்திருக்கிறேன். பேட்டரியின் பாதையில் டயோடு போடுவதும் வேண்டாம். டிஎஸ்1307-இன் தரவுத்தாளே அதை எச்சரிக்கிறது.

மல்டிமீட்டர் பிடிக்கும் இடமும் முக்கியம். முதன்மை மின்சாரத்தை நிறுத்திவிட்டு, பேட்டரியின் மேல்தகட்டில் அல்லாமல், சிப்பில் பேட்டரி இணையும் விபேட் பின்னிலேயே அளவெடுக்க வேண்டும். தகட்டில் 3 வோல்ட் காட்டி, பின்னில் ஒன்றும் இல்லையென்றால், ஹோல்டரின் தளர்ந்த தொடுமுனையோ விடுபட்ட சாலிடரோதான் காரணம். ஆஸிலேட்டருக்குத் துடிப்பு தரும் கிரிஸ்டலின் கால்களை மட்டும் தொடாதீர்கள், அளவெடுக்கும் முனையே ஆஸிலேட்டரை நிறுத்திவிடக்கூடும். டிஎஸ்1307-இல் பேட்டரியே வேண்டாம் என்று முடிவெடுத்தால், விபேட் பின்னை அந்தரத்தில் விடாமல் கிரவுண்டுடன் இணைத்துவிடுங்கள்.