பொலிவாரின் ஆட்களுக்குப் பூட்ஸ் மாட்டும் முன்

ஸ்பெயினுக்கு எதிரான தென் அமெரிக்க விடுதலைப் போரை வரைபவர்களும் கதையாக எழுதுபவர்களும் சறுக்குவது பெரும்பாலும் சீருடையில்தான். நீலக் கோட்டு, பொன் சரிகை, முழங்கால் வரை பூட்ஸ். பிற்காலத்தில் வரைந்த பெரிய ஓவியங்களைப் பார்த்து வரும் வினை இது.

1819 ஜூலையில் வடக்கே விடுதலைப் படையை நடத்திய பொலிவார், இன்றைய கொலம்பியாவில் இருக்கும் பிஸ்பா மலையைக் கடந்தபோது, சமவெளி வெக்கையில் வளர்ந்த அவருடைய ஆட்கள் பலருக்கு உடம்பை மூடக்கூடத் துணி போதவில்லை. குளிரில் விறைத்துச் செத்தவர்கள் ஏராளம். மிச்சமிருந்தவர்கள்தான் ஆகஸ்ட் 7 அன்று பொயக்காவில் வென்றார்கள். அவர்களை அணிவகுப்பு மிடுக்கில் வரைந்தால் எப்படி?

அதற்காக எல்லாரையும் கந்தலில் நிறுத்திவிடாதீர்கள். தெற்கே விடுதலைப் படையை நடத்திய சான் மார்த்தீன், 1817இல் ஆண்டிஸ் மலைத்தொடரைத் தாண்டுவதற்கு முன் அர்ஜென்டினாவின் மெந்தோசாவில் பட்டறைகளே வைத்துத் தயார் செய்தார். துப்பாக்கி, பீரங்கி வேலைகளைப் பார்த்தவர் லூயிஸ் பெல்த்ரான் என்ற பாதிரியார். ஆனால் மலையில் கம்பீரமான வெள்ளைக் குதிரை வேண்டாம். சண்டைக்கென்று குதிரைகளைக் காப்பாற்றி வைத்துக்கொண்டு, கோவேறு கழுதைகளில்தான் ஏறிப் போனார்கள். தளபதியும் அப்படித்தான்.

துப்பாக்கி விஷயத்தில் காலம் பிசகும். எல்லாம் சக்கிமுக்கிக் கல்லில் பொறி தட்டும் ரகம். மழையில் நனைந்தால் சும்மா கம்புதான். நெப்போலியன் போர் 1815இல் முடிந்ததும் மிச்சமான பிரிட்டிஷ் துப்பாக்கிகள் அங்கே போய்ச் சேர்ந்தன. அவற்றில் ஒரு ரகத்துக்குப் பெயரே 'இந்தியா பேட்டர்ன்', நம் ஊரை ஆண்ட அதே கிழக்கிந்தியக் கும்பினிக்காக உருவான மாதிரி! பிரெஞ்சுத் துப்பாக்கிக் குழல் அதைவிடச் சிறியது. பிரிட்டிஷ் குண்டு அதற்குள் போகாது. கலவையான ஆயுதம் என்றால் குண்டு வழங்குபவனுக்குத் தலைவலி என்பதையும் கதையில் கொண்டுவரலாம்.

இருப்பதிலேயே பெரிய தவறு, எதிரணியில் ஸ்பெயின்காரர்களை மட்டும் நிரப்புவது. ஸ்பெயின் அரசர் பக்கம் நின்றவர்களில் பெரும்பாலோர் அந்த மண்ணில் பிறந்தவர்களே. வெனிசுவேலாவின் சமவெளிக் குதிரைக்காரர்களான யானெரோக்களில் பலர் 1814இல் போவெஸ் என்ற தளபதி பின்னால் அரசருக்காகச் சண்டை போட்டவர்கள். பிறகு விடுதலைப் பக்கத் தளபதி பாயெஸ் பின்னால் வந்து குடியரசுக்காகச் சண்டை போட்டார்கள். இரண்டு பக்கமும் அதே நீண்ட ஈட்டி, அதே வெறுங்கால்.

அப்புறம், பெருவில் நடந்த ஹுனின் சண்டையை வரைந்தால் புகை போடாதீர்கள். 1824 ஆகஸ்ட் 6 அன்று அங்கே மோதியவை குதிரைப்படைகள்தான். ஈட்டியும் வாளும் மட்டுமே. ஒரு வெடிச்சத்தம்கூடக் கேட்கவில்லை.