கோடையில் சபையாரோடு ஒரு நாள் சுற்றுலா: 40 பேருக்கான முழுத் திட்டம்

குமரி மாவட்டத்தில் வெயில் மதுரை அளவுக்கு ஏறாது. வெப்பமானி 34, 35 டிகிரி என்றுதான் காட்டும். ஆனால் காற்றில் ஈரம் அதிகம். வியர்வை உலராமல் உடம்பிலேயே நிற்கும், சூடு இறங்காது. "இதென்ன பெரிய வெயில்" என்று தண்ணீரைக் குறைத்து எடுத்துப்போகும் குழுவில்தான் மத்தியானம் இரண்டு பேர் தலைசுற்றி உட்காருவார்கள். வாலிபர் ஐக்கியம், பெண்கள் சங்கம், அன்பியம் (பங்கிலுள்ள சிறு குடும்பக் குழு) எதுவானாலும், முதல் தடவை பொறுப்பு எடுப்பவர்களுக்காக இதை எழுதுகிறோம்.

1. முதலில் கடிகாரம், பிறகுதான் இடம்

ஞாயிறு ஆராதனை முடிந்து கிளம்பலாம் என்று கமிட்டியில் யாராவது சொல்வார்கள். ஒத்துக்கொள்ள வேண்டாம். வண்டி நகரும்போதே மணி 11 ஆகிவிடும். சனிக்கிழமை காலை 6 மணிக்குக் கிளம்புங்கள். விதி ஒன்றே ஒன்று: 11 மணி முதல் 3.30 வரை எல்லோரும் கூரைக்குக் கீழே இருக்க வேண்டும்.

நாகர்கோவில் பக்கத்திலிருந்து போவோருக்கு இப்படி அமையும். 7.30க்கு மாத்தூர் தொட்டிப்பாலம். 115 அடி உயரம், 384 மீட்டர் நீளம், மேலே பொட்டு நிழல் கிடையாது. கான்கிரீட் சூடேறுவதற்குள் நடந்து முடித்துவிட வேண்டும். கீழே ஆற்றுக்கு இறங்கும் படிகள் ஏராளம், மூட்டுவலிக்காரர்கள் மேலேயே இருக்கட்டும். 9 மணிக்குத் திற்பரப்பு அருவி. 11 மணிக்குள் வண்டி ஏறி, 11.30க்கு மதியத் தங்கல். 2.45க்குப் பத்மநாபபுரம் அரண்மனை: ஓட்டுக்கூரையும் மரவேலையும் உள்ளே குளிர்ச்சியாக வைத்திருக்கும். திங்கட்கிழமை விடுமுறை. செருப்பைக் கழற்றித்தான் உள்ளே போக வேண்டும், முற்றத்துக் கல் சுடும், சாக்ஸ் போட்டுக்கொண்டால் நல்லது. 5 மணிக்கு முட்டம் கடற்கரையோ சொத்தவிளைக் கடற்கரையோ.

மதியத் தங்கலுக்கு ஓட்டல் தேட வேண்டாம். வழியிலுள்ள ஏதாவது சபையின் போதகரையோ பங்குத்தந்தையையோ பத்து நாள் முன்பே கேட்டால் மண்டபம் கிடைக்கும். மின்விசிறியும் கழிப்பறையும் இருக்கிறதா என்று அப்போதே கேட்டுவிடுங்கள். கழிப்பறை இல்லையென்றால் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வார்கள். பல மயக்கங்களுக்கு அதுவும் ஒரு காரணம்.

2. தண்ணீர்

ஆளுக்கு 3 லிட்டர். 40 பேருக்கு 120 லிட்டர், அதாவது 20 லிட்டர் கேன் ஆறு. நான்கு கேன் வண்டியில் வரட்டும், இரண்டு மண்டபத்தில் காத்திருக்கட்டும். அரை மணிக்கு ஒரு முறை தாகம் இருக்கிறதோ இல்லையோ ஒரு டம்ளர். "வேண்டாம்" என்பவர்களைத்தான் கவனிக்க வேண்டும், பெரும்பாலும் பெரியவர்கள். நீர் பிரியும் மாத்திரை எடுப்பவர்களும் இதய, சிறுநீரக நோயாளிகளும் எவ்வளவு குடிக்கலாம் என்பதைத் தங்கள் மருத்துவரிடமே கேட்டு வரட்டும். எவர்சில்வர் டம்ளரை அவரவரே கொண்டுவரச் சொல்லுங்கள். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் டம்ளருக்குத் தமிழ்நாட்டில் 2019 முதல் தடை.

3. மோர்

எல்லோரும் தவறுவது இங்கேதான். விடியற்காலையிலேயே தண்ணீர் விட்டுக் கலக்கி எடுத்துவந்தால் 11 மணிக்குப் புளித்து நாற்றம் அடிக்கும். கெட்டித் தயிராகவே, ஐஸ் போட்ட பெட்டியில் கொண்டுவாருங்கள். ஆளுக்கு இரண்டு டம்ளர் என்றால் 3 லிட்டர் தயிர், 12 லிட்டர் தண்ணீர். இஞ்சி 50 கிராம், பச்சைமிளகாய் 6, சின்ன உள்ளி (சின்ன வெங்காயம்) இரண்டு கை, கறிவேப்பிலை: இதை வீட்டில் சதைத்து (நசுக்கி) ஒரு டப்பாவில் தனியாக எடுத்துவையுங்கள். அரைக்கக்கூடாது, அரைத்தால் கசக்கும். மண்டபத்தில் தயிரை மத்தால் கடைந்து, சதைத்ததைப் போட்டுப் பத்து நிமிடம் விட்டு, பிறகு தண்ணீர், கடைசியில் உப்பு 12 தேக்கரண்டி. முதலில் 10 போட்டு ருசி பாருங்கள். குழந்தைகளுக்கு மிளகாய் போடாமல் 3 லிட்டர் தனியாக எடுத்துவிட வேண்டும். இதை மறந்தால் அன்றைய அழுகைக்கு நீங்களே பொறுப்பு.

வழியில் அக்கானி (பதநீர்) கிடைத்தால் அன்று காலை இறக்கியதா என்று கேட்டு வாங்குங்கள். நுங்கு எப்போதும் நல்லது.

4. சாப்பாடு

காலை 5 மணிக்குப் பொட்டலம் கட்டிய பிரியாணியை 1 மணிக்குத் திறப்பது ஆபத்து. 32 டிகிரிக்கு மேலான சூட்டில் சமைத்த உணவு ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியில் இருக்கக்கூடாது. தேங்காய் அரைத்த அவியல், துவரன் (பொரியல்), சட்னி எல்லாம் சீக்கிரம் ஊசிப்போகும். மண்டபத்திலேயே சமைப்பதுதான் சுலபம்: பயறு போட்ட கஞ்சி, காணத்துவையல் (கொள்ளுத் துவையல்), மரச்சீனிக் கிழங்கு (மரவள்ளி), சுட்ட பப்படம். 40 பேருக்குக் கஞ்சிக்கு 4 கிலோ புழுங்கலரிசியும் ஒன்றரைக் கிலோ சிறுபயறும் போதும். நடுவில் பசிக்கு மட்டிப்பழம் (சிறு வாழைப்பழம்). கத்தி வேண்டாம், கை கழுவாத பிள்ளையும் தோலை உரித்துத் தின்னலாம்.

5. அருவியும் கடலும்

எட்டு பேருக்கு ஒரு தலைவர். தண்ணீருக்குள் இறங்கும் முன்னும் ஏறிய பின்னும் எண்ணிக்கை.

கடலில் கணுக்காலுக்கு மேல் வேண்டாம். ஏப்ரல், மே மாதங்களில் இங்கே கள்ளக்கடல் வரும்: தெற்கே வெகுதூரத்தில் அடித்த புயற்காற்றின் அலை, இங்கே காற்றும் மழையும் இல்லாதபோதே கரையேறும். வானம் தெளிவாக இருப்பதால்தான் ஏமாந்துபோகிறோம். 2024 மே 6 அன்று கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் சிக்கி இறந்தார்கள். முந்தின நாள் இரவும் அன்று மதியமும் இன்கோயிஸ் (இந்தியக் கடல் தகவல் சேவை மையம்) எச்சரிக்கை இருக்கிறதா என்று பாருங்கள், கரையில் வலை பின்னுகிறவர்களிடமும் கேளுங்கள். எச்சரிக்கை இருந்தால் கடலை விட்டுவிட்டு நேரே வீட்டுக்கு.

6. யாராவது தளர்ந்தால்

வியர்த்து, தலைசுற்றி, கால் குரக்களி (தசைப்பிடிப்பு) பிடித்தால் நிழலில் படுக்கவைத்துக் காலை உயர்த்தி, ஓஆர்எஸ் கொடுங்கள். ஒரு லிட்டர் பொட்டலத்தை ஒரு லிட்டரில்தான் கரைக்க வேண்டும். அரை லிட்டரில் கரைத்தால் கெடுதல். பொட்டலம் இல்லையா, லிட்டருக்கு ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டும் தலைதட்டி. சர்க்கரை நோயாளி தளர்ந்தால் சர்க்கரை இறங்கியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

பேச்சு குழறினால், ஆள் தெரியாமல் உளறினால், உடம்பு கொதித்தால் அது வெறும் தளர்ச்சி அல்ல, உயிருக்கு ஆபத்தான வெப்பத்தாக்கு. உடனே 108. வண்டி வரும்வரை துணியோடு தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே இருங்கள். நினைவு தெளியாதவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது.

திரும்பும்போது வண்டியில் மீந்த கஞ்சியையும் மோரையும் யாரும் தூக்குச்சட்டியில் ஊற்றி வீட்டுக்குக் கொண்டுபோக விடாதீர்கள். அம்மச்சிமார் (பாட்டிமார்) கோபித்துக்கொள்வார்கள், பரவாயில்லை.