போனில் வரும் கேரள லாட்டரி: அசலையும் போலியையும் கண்டுபிடிப்பது எப்படி?

கேரள அரசு லாட்டரிக்கு ஆன்லைன் விற்பனை கிடையாது. கேரள அரசின் லாட்டரித் துறை விற்பது காகித டிக்கெட் மட்டுமே. டிக்கெட் வாங்கச் செயலி இல்லை, வாட்ஸ்அப் கவுண்டர் இல்லை, டெலிகிராம் முகவரும் இல்லை. ஆகவே ‘கேரளா லாட்டரி ஆன்லைன்’ என்று எந்தத் தளம் டிக்கெட் விற்றாலும் அதில் நல்லது எது, கெட்டது எது என்று ஆராயவே வேண்டாம். எல்லாமே போலி.

தமிழ்நாட்டில் லாட்டரி 2003 முதல் தடை. 1998-ஆம் ஆண்டின் மத்திய லாட்டரிச் சட்டப்படி, பிற மாநில லாட்டரியைத் தன் எல்லைக்குள் விற்கக் கூடாது என்று ஒரு மாநிலம் தடுக்கலாம். அதனால் கோவையிலோ தேனியிலோ கேரள டிக்கெட் விற்பதே குற்றம். ஆனால் எல்லையைத் தாண்டினால் அசல் லாட்டரி தினமும் குலுக்கப்படுகிறது. மோசடிக்காரர்களுக்கு வசதியாக இருப்பது இதுதான். துறை உண்மை, முத்திரை உண்மை, குலுக்கல் எண் உண்மை. அவர்கள் கேட்கும் பணம் மட்டும் வேறு யாருக்கோ போகிறது.

வழக்கமாக இப்படித் தொடங்கும். ஒரு டிக்கெட் விலையை ஜிபேயில் அனுப்பச் சொல்வார்கள். பதிலுக்கு டிக்கெட்டின் புகைப்படம் வரும். மாலையில் ‘உங்கள் எண்ணுக்கு 5 லட்சம் விழுந்திருக்கிறது’ என்ற செய்தியும், கூடவே ஒரு முடிவுப் பட்டியலும் வரும். அசல் பட்டியலின் படத்தில் ஒரே ஓர் எண்ணை மட்டும் மாற்றி எழுதியிருப்பார்கள். பிறகு ஜிஎஸ்டி, கோப்புக் கட்டணம், ரிசர்வ் வங்கி அனுமதிக் கட்டணம் என்று ஒவ்வொன்றாக வரும். முதல் தொகை சிறியதாக இருப்பதற்குக் காரணம் உண்டு: ஒரு முறை கட்டியவர், கட்டியது வீணாகிவிடக் கூடாதே என்று அடுத்ததையும் கட்டுவார்.

புகைப்படம் டிக்கெட் ஆகாது. பரிசு கேட்க அசல் காகிதத்தையே ஒப்படைக்க வேண்டும். ஒரே படத்தை ஐம்பது பேருக்கு அனுப்பினாலும் உங்களுக்குத் தெரியப்போவதில்லை. போனில் சொல்லி எடுத்துவைத்த டிக்கெட்டுக்குப் பரிசு விழுந்தபோது, அதை நேர்மையாகக் கொண்டுபோய்க் கொடுத்த முகவர்கள் கேரளத்தில் இருக்கிறார்கள். அது பழகிய கடைக்காரரின் நல்ல குணம். முகம் தெரியாத எண்ணிடம் அதை எதிர்பார்க்க முடியாது.

வரி விஷயத்தில்தான் படித்தவர்களும் ஏமாறுகிறார்கள், ஆகவே இதைக் கவனமாகப் படியுங்கள். பரிசு 10,000 ரூபாயைத் தாண்டினால் 30 சதவீத வருமான வரி உண்டு. ஆனால் பணப் பரிசென்றால், அதைக் கொடுப்பவரே வரியைப் பிடித்துக்கொண்டு மீதியை உங்கள் கணக்கில் போடுவார். வென்றவர் முன்கூட்டி எதையும் அனுப்ப வேண்டியதில்லை. கார், நகை போன்ற பொருள் பரிசுக்கு மட்டும், பொருள் கைக்கு வருமுன் வரி கட்டப்பட்டிருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ‘கார் விழுந்திருக்கிறது, வரியை மட்டும் கட்டுங்கள்’ என்ற மோசடி இந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு வருவதுதான். அப்படியே பொருள் பரிசு என்றாலும், வரி பான் எண்ணோடு சலான் வழியாக அரசுக்குப் போகும். ஒரு தனிநபரின் யுபிஐக்குப் போகாது. ரிசர்வ் வங்கி தனிநபர்களுக்குக் கணக்கு வைத்திருப்பதில்லை. லாட்டரிப் பணத்தை விடுவிப்பதாக அதன் பெயரில் வரும் கடிதம், எத்தனை முத்திரை குத்தியிருந்தாலும் பொய்.

இணைய முகவரியை வலப்பக்கத்திலிருந்து படிக்கப் பழகுங்கள். தொடக்கத்தில் உள்ள ‘https://’ஐ விட்டுவிட்டு, அதன் பின் வரும் முதல் சாய்கோட்டுக்கு (/) முன்னால் கடைசியாக இருக்கும் பகுதிதான் தளம் யாருடையது என்று சொல்லும். துறையின் தளம் ‘ஸ்டேட்லாட்டரி டாட் கேரளா டாட் கவ் டாட் இன்’ (statelottery.kerala.gov.in). ‘கவ் டாட் இன்’ என்ற முடிவை அரசு அமைப்புகள் தவிர வேறு யாரும் வாங்க முடியாது. ‘கேரளா-கவ்-லாட்டரி டாட் காம்’ என்பதுபோல நடுவில் ‘கவ்’ செருகியிருந்தால், அது யாரோ சில நூறு ரூபாய் கொடுத்து வாங்கிய பெயர். பூட்டுப் படத்தை நம்பாதீர்கள். தளத்துக்கும் உங்கள் போனுக்கும் இடையிலான தொடர்பை வேறு யாரும் படிக்க முடியாது என்பதுதான் அதன் பொருள். தளம் நடத்துபவர் நல்லவரா என்பதை அது சொல்லாது.

முடிவைச் சரிபார்க்கவும் துறையின் அதே முகவரிதான். தினசரிக் குலுக்கல் பிற்பகல் 3 மணிக்குத் திருவனந்தபுரத்தில், பேக்கரி ஜங்ஷன் அருகே உள்ள கோர்க்கி பவனில் நடக்கும். உங்களுக்கு அனுப்பப்பட்ட பட்டியலைப் பார்க்காமல் முகவரியை நீங்களே தட்டச்சு செய்து திறங்கள். பெரிய பரிசென்றால் லாட்டரியின் பெயர், குலுக்கல் எண், தேதி, எழுத்துத் தொடர், ஆறு இலக்க எண் ஆகிய ஐந்தும் ஒத்துப்போக வேண்டும். கடைசிச் சொல் கேரள அரசிதழில் வரும் முடிவே. அசல் டிக்கெட் கையில் இருந்தால் பின்புறம் பெயர், முகவரி எழுதிக் கையெழுத்திடுங்கள். குலுக்கல் நாளிலிருந்து 30 நாளுக்குள் ஒப்படைக்க வேண்டும். 5,000 ரூபாய் வரையான பரிசைக் கேரளத்தில் உள்ள லாட்டரிக் கடையிலேயே வாங்கலாம். அதற்கு மேல் லாட்டரி அலுவலகம் அல்லது வங்கி வழியாகத்தான்.

பணம் அனுப்பும் திரையிலும் ஒரு சோதனை இருக்கிறது. ரகசிய பின் (PIN) எண்ணைக் கேட்கும் முன், பெறுபவரின் வங்கிக் கணக்கில் உள்ள பெயரை யுபிஐ காட்டும். அரசுத் துறை என்று சொன்னவரின் இடத்தில் ஒரு தனிமனிதர் பெயரோ மளிகைக் கடைப் பெயரோ வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். உங்களுக்குப் பணம் வர, ‘பின்’ (PIN) எண்ணும் வேண்டாம், கியூஆர் ஸ்கேனும் வேண்டாம். ‘பரிசை ஏற்க ஸ்கேன் செய்யுங்கள்’ என்றால் உங்கள் கணக்கிலிருந்து பணம் போகப்போகிறது என்று அர்த்தம். ‘பரிசுத் தொகையை உங்கள் கணக்கில் வாங்கித் தாருங்கள், கமிஷன் தருகிறோம்’ என்ற பேச்சுக்கும் இடம் கொடுக்காதீர்கள். வருவது இன்னொருவரிடம் திருடிய பணமாக இருக்கும். கணக்கு முடங்கும், விசாரணைக்கு நிற்பது நீங்கள்.

மூன்று நம்பர் லாட்டரி வேறு வகை. கேரள முடிவின் கடைசி மூன்று இலக்கங்களை வைத்து வாட்ஸ்அப் குழுக்களில் நடக்கும் பந்தயம் அது. முடிவு அசல் என்பதால் ஆட்டமும் அசல் என்று நினைத்துவிடுகிறார்கள். கேரள அரசுக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, டிக்கெட்டே கிடையாது. எண் விழுந்தாலும் பணம் கொடுக்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. சட்டவிரோதப் பந்தயம் என்பதால் வழக்குப் போட்டு வாங்கவும் வழியில்லை.

வெளிநாட்டு லாட்டரித் தளங்கள் இந்தியாவில் இருப்பவருக்குப் பொருந்தாது. லாட்டரி டிக்கெட் வாங்க வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவதை அந்நியச் செலாவணி விதிகள் 2000 முதலே தடைசெய்திருக்கின்றன. பிரிட்டனில் வாழும் தமிழர்கள், தளத்தின் அடியில் உள்ள உரிம முத்திரையை நம்பாமல், சூதாட்ட ஆணையத்தின் பொதுப் பதிவேட்டை நேரே திறந்து, அந்த இணைய முகவரி அதில் இருக்கிறதா என்று தேட வேண்டும். நிறுவனத்தின் பெயர் இருந்து முகவரி இல்லாவிட்டால், யாரோ அந்தப் பெயரைத் திருடியிருக்கிறார்கள். சிங்கப்பூரில் டோட்டோ, 4டி என்ற இரண்டு எண் லாட்டரிகளையும் சிங்கப்பூர் பூல்ஸ் மட்டுமே சட்டப்படி நடத்துகிறது.

பணம் போய்விட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்கார வேண்டாம். உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள், அல்லது தேசிய சைபர் குற்றத் தளத்தில் புகார் பதியுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறுவதற்குள் வங்கிகள் அதை நிறுத்திவைக்க முடியும் என்பதால் ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். பரிவர்த்தனையின் 12 இலக்கக் குறிப்பு எண் (யுடிஆர்), நேரம், தொகை, அவர்களின் யுபிஐ முகவரி, போன் எண் ஆகியவற்றைத் தயாராக வைத்திருங்கள். வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள், அது சாட்சி. அவர்கள் அனுப்பிய செயலியைப் போனில் நிறுவியிருந்தால் முதலில் அந்தப் போனை ஏரோபிளேன் மோடில் போடுங்கள். எஸ்எம்எஸ் அனுமதி வாங்கிய செயலி உங்கள் ஓடிபியையும் படிக்கும். 1930-ஐ வேறொரு போனிலிருந்து அழையுங்கள். வங்கிக் கடவுச்சொற்களையும் அதிலிருந்தே மாற்றிய பிறகு அந்தச் செயலியை நீக்குங்கள்.

சில நாட்களில் ‘இழந்த பணத்தை மீட்டுத் தருகிறோம்’ என்று ஒரு வக்கீலோ சைபர் அதிகாரியோ அழைக்கலாம். ஏமாந்தவர்களின் எண்கள் இந்தக் கும்பல்களிடையே கைமாறுகின்றன. காவல்துறை பணத்தை மீட்கக் கட்டணம் வாங்குவதில்லை. கட்டணம் என்ற சொல் வந்ததுமே இணைப்பைத் துண்டித்து, அந்த எண்ணையும் அதே புகாரில் சேர்த்துக் கொடுங்கள்.