வாட்ஸ்அப் படத்தை வகுப்பில் விசாரிப்பது எப்படி?

ஒன்பதாம் வகுப்புக்கு ஒரு பாடவேளை போதும். இன்னும் நாலைந்து வருடத்தில் ஓட்டுப் போடப்போகிறவர்கள் அவர்கள். ஆனாலும் எடுத்த எடுப்பில் அரசியல் செய்தியைத் தொடாதீர்கள். வீட்டில் எந்தக் கட்சியோ அதற்காக வாதாட ஆரம்பித்துவிடுவார்கள். ஆதாரத்தை யாரும் பார்க்கமாட்டார்கள்.

படி 1: ஒவ்வொரு தீபாவளிக்கும் "நாசா எடுத்த தீபாவளி இரவு" என்று ஒரு வண்ண வரைபடம் சுற்றுக்கு வருமே, அதைக் கலர் பிரிண்ட் எடுத்துக் குழுவுக்கு ஒன்று கொடுங்கள். பொய் என்று முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள்.

படி 2: கரும்பலகையில் மூன்று கேள்விகள். யார் எடுத்தது? எப்போது? எதற்காக? தெரிந்தவரை எழுதட்டும். "விளக்கு ஏன் சார் பச்சையா, நீலமா இருக்கு?" என்று ஒருவராவது கேட்பார். கேட்காவிட்டால் நீங்களே கேளுங்கள்.

படி 3: படத்தையே முறைத்துக்கொண்டிருந்தால் விடை வராது, வெளியே தேட வேண்டும். ஹைடெக் லேபிலோ உங்கள் போனிலோ, படத்தை வைத்தே தேடித் தரும் கூகுள் லென்ஸில் போட்டுப் பாருங்கள். நாசா 2012இல் தந்த விளக்கத்தைத் தேடிப் பிடிக்கச் சொல்லுங்கள். அமெரிக்காவின் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பான நோவாவைச் (NOAA) சேர்ந்த விஞ்ஞானி கிறிஸ் எல்விட்ஜ், மக்கள்தொகைப் பெருக்கத்தைக் காட்ட 2003இல் உருவாக்கிய படம் அது. பல ஆண்டுகளின் செயற்கைக்கோள் தரவுகளை ஒன்றாக அடுக்கியது. வெள்ளை, 1992க்கு முன்பே தெரிந்த நகர வெளிச்சம். நீலம் 1992இலும், பச்சை 1998இலும், சிவப்பு 2003இலும் புதிதாகத் தெரிந்தவை. ஆக, படம் உண்மை. கூட வந்த வாசகம்தான் பொய். இந்த இடத்தில் அவசரப்படாமல் பேச விடுங்கள்.

அப்புறம் தீபாவளி சமயத்தில், 2012 நவம்பர் 12 இரவு எடுத்து நாசா வெளியிட்ட நிஜப் படத்தைக் காட்டுங்கள். தீபாவளி விளக்குகளின் கூடுதல் வெளிச்சம் விண்வெளியிலிருந்து பிரித்துத் தெரியாத அளவுக்குக் குறைவு என்கிறது நாசா. சப்பென்று இருக்கும், பரவாயில்லை.

படி 4: மதிப்பெண்ணைத் தேடிய வழிக்குக் கொடுங்கள். "பொய்" என்ற விடைக்குக் கொடுத்தால் அடுத்த வாரம் எதைக் காட்டினாலும் "ஃபேக் சார்" என்பார்கள்.

படி 5: இப்போது ஊர் விஷயம். "அரசாணை வந்துவிட்டது" என்ற ஃபார்வர்டு ஒன்றில் எண், தேதி, துறை இருக்கிறதா பார்த்து, மூல ஆணையைத் தேடட்டும். கிராம சபையில் வைக்கும் வரவு செலவுக் கணக்கையும் இதே மூன்று கேள்விகளோடு படிக்கலாம்.

கட்சிச் செய்தியை எடுத்தால் எதிரெதிர்த் தரப்புகளிலிருந்து தலா ஒன்று எடுங்கள். ஒரு பக்கம் மட்டும் எடுத்தால் மறுநாள் காலை யாராவது ஒரு அப்பா தலைமையாசிரியர் அறையில் உட்கார்ந்திருப்பார்.