மெல்லிசைக் குழுவுக்குப் புதிய அடையாளம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பகலில் வேலைக்குப் போய், மாலையில் ஒத்திகை பார்த்து, திருவிழாக்களிலும் திருமண வரவேற்புகளிலும் வாசிக்கும் மெல்லிசைக் குழுக்கள் பழைய பேனரை மாற்ற நினைத்தவுடன் நேராக லோகோ வரைபவரிடம் போய்விடுகின்றன. தாங்கள் எப்படிப்பட்ட குழு என்பதை அதற்கு முன் தங்களுக்குள் பேசி முடிவு செய்யாததே முதல் தவறு. 1960களின் பாடல்களை வயலின், புல்லாங்குழல், தபேலாவோடு வாசிக்கும் குழுவுக்கும், கீபோர்டும் ரிதம் பேடும் வைத்துப் புதுப்பாடல் பாடும் குழுவுக்கும் ஒரே தோற்றம் பொருந்தாது.

அடுத்தது, இணையத்தில் கிடைக்கும் ஆயத்தப் படங்களை எடுத்து ஒட்டுவது. பியானோவில் ஒரு ஸ்தாயிக்கு (ஆக்டேவுக்கு) ஐந்து கறுப்புக் கட்டைகள், இரண்டும் மூன்றுமாகப் பிரிந்து நிற்கும். அவற்றைச் சீரான இடைவெளியில் வரைந்த படங்களும், நான்கு தந்திக்குப் பதில் ஆறு தந்தி கட்டிய வயலின்களும் ஏராளமாக உலவுகின்றன. கேட்க வருபவர்கள் கவனிக்காமல் போகலாம். அந்தப் பேனருக்கு முன் உட்கார்ந்து வாசிக்கும் கலைஞருக்கு அது நிகழ்ச்சி முழுதும் உறுத்தும், அவருடைய உறுத்தலைச் சிறிய விஷயமாக நான் நினைக்கவில்லை.

மிகுதியான சேதம் தமிழ் எழுத்தில்தான் நேர்கிறது. ‘ஆர்க்கெஸ்ட்ரா’ என்ற ஒரு சொல்லில் மட்டும் நான்கு புள்ளிகள் உள்ளன. 22 அங்குல பேஸ் டிரம்மின் முகப்பில் அவை பளிச்சென்று தெரியும். அதே வடிவத்தை மூன்றரை அங்குல விசிட்டிங் கார்டின் மூலைக்குச் சுருக்கினால், மெல்லிய புள்ளிகள் மறைந்து மெய்யெழுத்தெல்லாம் உயிர்மெய்யாகிவிடும். எங்கள் குழுவின் முதல் கார்டு அப்படித்தான் அச்சாகி வந்தது, ஐந்நூறு கார்டுகளையும் ஒதுக்கி வைத்தோம். ஆங்கிலப் பெயருக்குச் செய்வதுபோல எழுத்துகளை அகலமாகத் தள்ளிவைத்தால் ‘கெ’யின் கொம்பு தன் எழுத்தை விட்டு விலகித் தனியே நிற்கும். தமிழ் எழுத்துருவுக்கு உரிய அமைப்பைத் தேர்ந்தெடுக்காத வடிவமைப்பு மென்பொருளில் அந்தக் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் விழுவதும் உண்டு. ஆகவே, அச்சுக்கு அனுப்பும் முன் தமிழ் படிக்கத் தெரிந்த இருவராவது, கணினித் திரையில் அல்லாமல் தாளில் எடுத்து, ஒவ்வோர் எழுத்தாகப் படித்துப் பார்க்க வேண்டும்.

நிறத்தைக் கணினித் திரையை நம்பித் தேர்ந்தெடுப்பதும் தவறே, ஏனெனில் திரையில் ஒளிரும் நீலம் ஃப்ளெக்ஸில் மங்கிவிடும். மேடை விளக்கு சிவப்புக்கு மாறும்போது, வெள்ளைத் துணியில் எழுதிய சிவப்புப் பெயர் ஏறக்குறைய காணாமலே போகும். கறுப்பு, வெள்ளை இரண்டே நிறத்திலும், வாட்ஸ்அப் முகப்புப் படத்தின் சிறு வட்டத்துக்குள்ளும் நிற்கிற வடிவமே நமக்குப் பயன்படும்.

புதுப்பெயர் வைப்பதாக இருந்தால், வர்த்தகச் சின்னப் பதிவகத்தின் இணையதளத்தில் பொழுதுபோக்குச் சேவைகளுக்கான 41ஆம் வகுப்பில் அதே பெயர் இருக்கிறதா என்று தேடிப் பார்ப்பது நல்லது. ஆனால் ஊர் மக்கள் வாயில் பதிந்துவிட்ட பெயரைக் கைவிட வேண்டாம் என்பதே என் கருத்து. நிகழ்ச்சிக்கு அழைப்பவர்கள் அந்தப் பெயரைச் சொல்லித்தான் விசாரிக்கிறார்கள்.

வேலை முடிந்ததும் வெறும் ஜேபெக் படத்தோடு திரும்பிவிடாமல், எந்த அளவுக்குப் பெரிதாக்கினாலும் சிதையாத வெக்டர் மூலக்கோப்பையும் எழுத்துருவின் பெயரையும் கேட்டு வாங்கி, குழுவில் குறைந்தது இரண்டு பேரிடம் சேமித்து வைக்க வேண்டும்.