பழைய மாருதி 800-க்கு இழுவை கூட்ட

சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவுகளில் என் 1996 மாருதி 800 இரண்டாவது கியரிலேயே திணறியது. பெரிய இன்ஜின் வைக்க ஆசை வரும், வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுப்படி, ஆர்.சி. விவரங்கள் கம்பெனி கொடுத்ததிலிருந்து மாறக் கூடாது.

முதலில் மூன்று சிலிண்டரிலும் கம்ப்ரஷன், அதாவது உள்ளே பிஸ்டன் உண்டாக்கும் அழுத்தம், எவ்வளவு என்று பாருங்கள். ஒன்றில் மட்டும் குறைந்தால், பிளக் துளை வழியாக ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி அளக்கவும். அளவு ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் பெரும்பாலும் வால்வு. எனக்கு வால்வுதான். மதுரையில் இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டைக் கழற்றி, வால்வு சரியாகப் பதிந்து மூடும்படி சீட்டிங் பார்த்தோம். அப்புறம் கார்புரேட்டர் கழுவி, டைமிங் வைத்ததும் பழைய இழுவை வந்துவிட்டது. எவ்வளவு சந்தோஷம்!

சைலன்சரை வெட்டாதீர்கள், சத்தம்தான் கூடும், அபராதமும் வரும். பிரேக்கைச் சரிபார்த்துவிட்டு, புகைச் சோதனைச் சான்றிதழ் வாங்கி வண்டியிலேயே வையுங்கள்.