குரூப்பில் புதுசா ஒருத்தர் டவுட் கேட்டால்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்துக் கல்லூரிப் பிள்ளைகள் இருக்கிற புரோகிராமிங் குரூப்களில் அடிக்கடி வருகிற மெசேஜ் இது: "அண்ணே, பைத்தான்ல ஒரு டவுட்டு. கேக்கலாமா?" (பைத்தான் ஒரு புரோகிராமிங் மொழி.)

அனுமதி கேட்பது நம்ம ஊர் மரியாதைதான். ஆனால் யாராவது பார்த்து "கேளுங்க தம்பி" என்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும். நேராகக் கேள்வியையே போடுங்கள்: என்ன ஓட்டினீர்கள், என்ன எதிர்பார்த்தீர்கள், என்ன வந்தது.

ஸ்கிரீன்ஷாட் வேண்டாம், அதை அப்படியே காப்பி பண்ணி ஓட்டிப் பார்க்க முடியாது. புரோகிராமுக்கு முன்னும் பின்னும் மூன்று பேக்டிக் (```) போட்டால் டெலிகிராம், டிஸ்கார்டு இரண்டிலும் வரித் தொடக்கத்தில் விட்ட இடைவெளி கலையாது. பைத்தானுக்கு அந்த இடைவெளிதான் உயிர்.

பதில் சொல்கிறவர்கள் "கூகுள்ல தேடு" என்று தட்டிக் கழிக்காதீர்கள். முழுசாக எழுதியும் கொடுத்துவிடாதீர்கள் (அசைன்மென்ட் முடியும், அவ்வளவுதான்). "எர்ரர்ல கடைசி வரி என்ன சொல்லுது தம்பி?" என்று கேளுங்கள். பைத்தான் காரணத்தை அங்கேதான் சொல்லும். 'இன்வேலிட் கேரக்டர்' (செல்லாத எழுத்து) என்று இருந்தால், பெரும்பாலும் போனில் டைப் செய்தபோது விழுந்த வளைந்த மேற்கோள்குறிதான் (“ ”). நேர்குறியாக (" ") மாற்றச் சொல்லுங்கள், ஓடிவிடும்.